88 வொல்ட் ட்ரில் வாங்கலாமா? வீட்டுக்குப் பட்டரி ட்ரில் தேடுபவர்களுக்கு

தங்கச்சி, நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். ஆரையம்பதியில் புது வீடு. ஜன்னல்களுக்குத் திரைச்சீலைக் கம்பி போடவேண்டும், நுளம்பு வலைச் சட்டம் பூட்டவேண்டும், குசினியில் றாக்கை அடிக்கவேண்டும், பிறகு கேற், கூரை என்று வேலை வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு சின்ன வேலைக்கும் ஆள் பிடித்துக் காத்திருக்க முடியவில்லை. இணையத்தில் "88 வொல்ட்" என்று இரண்டு பட்டரியும் பெட்டி நிறையப் பிட்டுகளுமாக ஒரு ட்ரில் செட் மலிவாகப் போகிறது. கணவர் கட்டாரில் இருக்கிறார், லீவில் வரும்போது கொண்டுவருவதாகச் சொல்கிறார். கனடாவிலுள்ள அண்ணனும் அனுப்பத் தயார். எதை எடுப்பது, எத்தனை வொல்ட், ட்ரில், கிரைண்டர், வாள், புல்வெட்டி எல்லாம் ஒரே பட்டரியில் ஓடுகிற பெரிய செட்டாக எடுத்தால் நல்லதா?

களுவாஞ்சிகுடியில் மோட்டர், ட்ரில், கிரைண்டர் பழுது பார்ப்பது என் தொழில். புதுச் சாமானைவிடச் செத்த சாமானைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன், என் பதிலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

முதலில் பதில். 88 வொல்ட் வேண்டாம். 18 வொல்ட் (சில கொம்பனி இதையே 20 வொல்ட் என்று எழுதும்), ஹமர் (சுழன்றுகொண்டே அடிக்கிற) வசதியுள்ள ஒரு ட்ரில் எடுங்கள். கூடவே 2 அம்பியர் மணிப் பட்டரி ஒன்று, 4 அம்பியர் மணிப் பட்டரி ஒன்று (அம்பியர் மணி என்பது பட்டரி எவ்வளவு கொள்ளும் என்பதன் அளவு), ஒரு சார்ஜர். அந்தப் பட்டரி மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு கடையில் தனியாக விற்கப்பட வேண்டும். இந்த நிபந்தனைக்கு ஒத்துவருகிற கொம்பனி எதுவோ அதுதான் உங்களுக்கான கொம்பனி. லின்டல் (ஜன்னல், கதவுக்கு மேலே வருகிற கொங்கிறீட்), பீம், கொங்கிறீட் தட்டு ஆகியவற்றில் துளைக்க வயரில் ஓடும் ரோட்டரி ஹமர் ஒன்றை வாடகைக்கோ இரவலாகவோ எடுங்கள். கிரைண்டர் வயரிலேயே இருக்கட்டும். எல்லா மெஷினும் சேர்ந்த பெரிய செட் உங்களுக்குத் தேவையில்லை.

இனிக் காரணங்கள். அந்த 88 வொல்ட்டிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் ஏமாந்தவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர்.

ட்ரில் பட்டரிக்குள் இருப்பது விரல் பருமனுக்குக் கொஞ்சம் கூடிய லித்தியம் செல்கள். பொதுவாக 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், அதனால்தான் அதற்கு 18650 என்று பெயர். ஒரு செல்லின் சராசரி வொல்ட் 3.6, முழுச் சார்ஜில் 4.2. ஐந்து செல்களைத் தொடராக இணைத்தால் 18 வொல்ட், முழுச் சார்ஜில் 21. ஆகவே 18 என்று எழுதினாலும் 20 என்று எழுதினாலும் உள்ளே அதே ஐந்து செல் வரிசைதான், வித்தியாசம் விளம்பரத்தில் மட்டும். மூன்று செல் என்றால் 10.8, அதைத்தான் 12 வொல்ட் என்று விற்கிறார்கள்.

இப்போது கணக்குப் பாருங்கள். உண்மையில் 88 வொல்ட் வரவேண்டுமானால், முழுச் சார்ஜிலேயே 21 செல்கள் வேண்டும். ஒரு செல் ஏறக்குறைய 45 கிராம், 21 செல் என்றால் செல் மட்டுமே ஒரு கிலோவுக்குக் கிட்ட வரும். அந்தச் செட்டில் வருகிற பட்டரியைக் கையில் தூக்கினால் அரைக் கிலோகூட இராது. கழற்றிப் பார்த்தால் ஐந்து செல் இருக்கும், சிலவற்றில் அதுவும் இல்லை. 48 வொல்ட், 128 வொல்ட் என்று பெட்டியில் போட்டிருக்கிறவையும் இதே கதைதான். வொல்ட் பொய்யாக இருப்பதோடு கதை முடிவதில்லை. அந்தப் பட்டரிகள் பலவற்றில் செல்களைச் சமமாகச் சார்ஜ் செய்கிற சுற்று இல்லை, சார்ஜரும் நிரம்பியதும் ஒழுங்காக நிறுத்துகிற சார்ஜராக இருப்பதில்லை. இரவில் குத்திவிட்டுத் தூங்குகிற சாமான் அது இல்லை.

அம்பியர் மணியிலும் இதே வேலை நடக்கிறது. 18650 செல்லில் ட்ரில்லுக்கு ஏற்றவை 2 முதல் 3 அம்பியர் மணி வரை. ஐந்து செல் பட்டரியில் 6 அம்பியர் மணி என்று எழுதியிருந்தால் நம்பவேண்டாம். உண்மையான 4 அல்லது 5 அம்பியர் மணிப் பட்டரியில் பெரும்பாலும் பத்துச் செல் இருக்கும், செல் மட்டும் 450 கிராமுக்கு மேல். (21700 என்ற கொஞ்சம் பெரிய செல்லில் ஐந்தைப் போட்டு 4 அம்பியர் மணி எடுக்கிற பட்டரிகளும் உண்டு. அவற்றிலும் செல் மட்டும் 350 கிராம் வரும்.) கடையில் கேட்பதற்கு வெட்கப்படவேண்டாம், தராசில் வைத்துப் பாருங்கள். பெயர் போன கொம்பனிப் பட்டரியைப் போலவே செய்த போலிகளைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த இலேசான வழி இதுதான்.

12 வொல்ட்டா 18 வொல்ட்டா என்றால், 12 வொல்ட் கைக்கு இலேசு, அலுமாரிக்குள் கையை விட்டு ஸ்குரூ பூட்ட அருமையானது. பலகை வேலை மட்டும் என்றால் நான் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் நம் வீடுகளில் முக்கால்வாசித் துளை சுவரில். அதற்கு 18 வேண்டும். 40 வொல்ட், 54 வொல்ட் எல்லாம் கட்டட வேலைக்காரருக்கு.

சரி, கொம்பனி. உங்கள் கேள்வியில் இதுதான் மிகப் பெரியது, நான் அதை வேறு மாதிரிக் கேட்கச் சொல்கிறேன்: எந்தப் பட்டரி?

என் மேசைக்கு வருகிற பட்டரி ட்ரில்களில் மோட்டர் எரிந்தது குறைவு. வீட்டுப் பாவனையில் ட்ரில்லின் உடம்பு பத்து வருடம்கூட இருக்கும். முதலில் போவது பட்டரி. மூன்று, நாலு வருடத்தில் அது சோர்ந்துவிடும், அந்த நேரம் அதே பட்டரி கடையில் இல்லையென்றால் நல்ல மெஷின் ஒன்று குப்பைக்குப் போகும். ஆட்கள் கையில் மெஷினைப் பிடித்துக்கொண்டு "இதற்கு ஒரு பட்டரி எடுக்கேலாதா" என்று கேட்டு வருவதுதான் அதிகம். பெயரே கேள்விப்படாத கொம்பனி என்றால் என்னால் ஒன்றும் செய்யமுடியாது. செல் மாற்றிக் கொடுக்கலாம்தான், ஆனால் நல்ல செல் தேடி, வெல்ட் பண்ணி, கூலியும் சேர்த்தால் புதுச் செட் விலை வந்துவிடும்.

மட்டக்களப்பில் ஒரே குடிக்குள் (தாய்வழி வம்சத்துக்குள்) சம்பந்தம் செய்யமாட்டார்கள். பட்டரி அதற்கு நேர்மாறு, தன் குடியை விட்டு வெளியே அதற்குச் சம்பந்தமே கிடையாது. மகிட்டாப் பட்டரி டிவோல்ட்டில் ஏறாது, இன்கோப் பட்டரி பொஷ்ஷில் ஏறாது. அதைவிட மோசம், ஒரே கொம்பனிக்குள்ளேயே இரண்டு குடி இருக்கும். பொஷ்ஷில் பச்சை நிறம் வீட்டுப் பாவனைக்கு, நீல நிறம் தொழில்காரருக்கு. இரண்டும் 18 வொல்ட், ஆனால் ஒன்றின் பட்டரி மற்றதில் பூட்டாது. மகிட்டாவில் 18 வொல்ட்டிலேயே எல்.எக்ஸ்.டி. என்ற பிரதான வரிசையும் ஜி வரிசை என்ற மலிவு வரிசையும் வேறு வேறு. அதன் 40 வொல்ட் வரிசையோ இன்னொரு தனி உலகம். "மகிட்டா தானே, எல்லாம் ஒன்று" என்று ஜி வரிசை ட்ரில்லை எடுத்துவிட்டு, பிறகு எல்.எக்ஸ்.டி. கிரைண்டர் வாங்கி வந்து பூட்டப் பார்ப்பவர்கள் உண்டு. பெட்டியில் இருக்கும் கொம்பனிப் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், பட்டரியின் மாதிரி எண்ணைப் பாருங்கள்.

ஒரு குடிப் பட்டரியை மற்றக் குடி மெஷினில் பூட்ட அடப்டர் விற்கிறார்கள். சில கொம்பனியில் பட்டரி இறங்கியதும் நிறுத்துகிற வேலை மெஷினுக்குள் இருக்கும், சிலதில் பட்டரிக்குள். இடையில் அடப்டர் வந்தால் அந்தப் பேச்சு அறுந்துபோய், பட்டரி அளவுக்கு மீறி வடிந்து செத்துவிடும். அவசரத்துக்கு ஒரு துளை போடலாம், பழக்கமாக வைத்துக்கொள்ளக்கூடாது.

ஆகவே கடைக்குப் போய் ட்ரில்லைக் கேட்காதீர்கள். "இந்த ட்ரில்லுக்கு உரிய பட்டரி தனியாக வைத்திருக்கிறீர்களா, காட்டுங்கள்" என்று கேளுங்கள். "எடுத்துத் தரலாம்" என்ற பதில் போதாது, அலுமாரியில் இருக்கவேண்டும். இந்தச் சோதனையில் இன்கோ, டோட்டல் போன்ற நடுத்தர விலைச் சாமான்கள் நம் ஊர் ஹாட்வெயார் கடைகளில் நன்றாகவே தேறும். மகிட்டா, பொஷ் நீலம் ஆகியவை தரத்தில் மேலே, பட்டரி விலையிலும் மேலே. வருடத்தில் சில நாட்கள் மட்டும் துளைக்கப்போகிற வீட்டுக்கு நடுத்தரம் போதும் என்பதே என் முடிவு. தொழிலாகச் செய்கிற தம்பிமார் என்றால் அந்தப் பதிலை மாற்றிச் சொல்வேன்.

பிரஷ்லெஸ் மோட்டர் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். மோட்டருக்குக் கரண்டைக் கொடுக்கிற காபன் பிரஷ் என்ற துண்டு அதில் இல்லை, உரசல் இல்லாததால் சூடு குறைவு, ஒரு சார்ஜில் கூட நேரம் ஓடும், உண்மைதான். ஆனால் அதை ஓட்ட உள்ளே ஒரு இலத்திரன் பலகை இருக்கிறது. அது எரிந்தால், மலிவுக் கொம்பனிகளில் உதிரிப்பாகம் கிடைப்பது கடினம். காபன் பிரஷ் தேய்ந்தால் ஒரு சோடிப் பிரஷ் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம், வீட்டுப் பாவனையில் அது தேய்வதே அருமை. விலை வித்தியாசம் சிறிது என்றால் பிரஷ்லெஸ் எடுங்கள். இல்லையென்றால் அந்தக் காசை இரண்டாவது பட்டரியில் போடுங்கள்.

இனி உங்கள் திரைச்சீலைக் கம்பி. இது சின்ன வேலை போலத் தெரியும், ஆனால் வீட்டில் வருகிற துளைகளில் ஆகக் கஷ்டமானது இதுதான். கம்பி பூட்டுவது ஜன்னலுக்கு மேலே. ஜன்னலுக்கு மேலே இருப்பது லின்டல், கம்பி கட்டி வார்த்த கொங்கிறீட். பட்டரி ட்ரில்லை ஹமரில் போட்டு அமத்திப் பிடித்தால், முதல் ஒரு சென்ரிமீற்றர் சாந்துப் பூச்சு வெண்ணெயாக இறங்கும், பிறகு அப்படியே நின்றுவிடும். பிட் சிவக்கும், பட்டரி இறங்கும், துளை மட்டும் இறங்காது. "ட்ரில் சரியில்லை" என்று என்னிடம் கொண்டுவருவார்கள். ட்ரில்லில் பிழை இல்லை, அது அந்த வேலைக்குரிய சாமான் இல்லை.

ஹமர் ட்ரில்லுக்குள் பல்லுள்ள இரண்டு தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று உரசித் தாவுகின்றன. நிமிடத்துக்குப் பல்லாயிரம் தடவை அடிக்கும், ஆனால் ஒவ்வொரு அடியும் மெல்லியது, அதுவும் நீங்கள் அமத்துகிற பலத்தில்தான் தங்கியிருக்கிறது. ரோட்டரி ஹமர் வேறு இனம். அதற்குள் ஒரு பிஸ்டன் காற்றை அமுக்கி, அந்தக் காற்று ஒரு இரும்புக் கட்டியைத் தள்ளி, அது பிட்டின் பின்புறத்தில் அடிக்கும். அடிகளின் எண்ணிக்கை குறைவு, ஒவ்வொரு அடியும் பலமானது. அதைச் சும்மா பிடித்துக்கொண்டு நின்றாலே லின்டலில் 6 மி.மீ. துளை சில வினாடிகளில் விழும். கை நோகாது. உங்கள் வீட்டு ஜன்னல் எல்லாவற்றுக்கும் ஒரு காலையில் துளை போட்டு முடித்துவிடலாம்.

அதனால்தான் ஒரு நாளைக்கு வயர் ரோட்டரி ஹமர் எடுக்கச் சொல்கிறேன். உங்கள் வீட்டைக் கட்டிய மேசன் பாஸிடம் கட்டாயம் ஒன்று இருக்கும். நகரத்தில் வாடகைக்கும் கொடுக்கிறார்கள். சொந்தமாக வாங்குவதென்றால் இரண்டு மூன்று உறவுக்காரர் சேர்ந்து ஒன்று வாங்குங்கள், வருடத்தில் இரண்டு முறைதான் எல்லோருக்கும் தேவைப்படும். பிட்டைப் பற்றிக் கவலை இல்லை. ரோட்டரி ஹமர் பிட்டின் காம்பு எஸ்.டி.எஸ். என்ற வகை, 1975இல் பொஷ் கொண்டுவந்தது. இன்று எந்தக் கொம்பனிச் சின்ன ரோட்டரி ஹமரிலும் எஸ்.டி.எஸ். பிளஸ் என்று கேட்டு வாங்கிய பிட் பூட்டும். பட்டரிக்காரர்கள் மட்டும் இன்னும் அந்த ஒற்றுமைக்கு வரவில்லை. துளைக்கும்போது பிட் திடீரென்று நின்று உலோகச் சத்தம் வந்தால் கம்பியில் பட்டிருக்கிறது. விட்டுவிட்டு இரண்டு விரல் தள்ளித் துளையுங்கள், பிடிவாதம் பிடித்தால் பிட்டின் முனையிலுள்ள காபைட் உடையும்.

லின்டலைத் தவிர்ந்த சுவர்களுக்கு உங்கள் பட்டரி ட்ரில் தாராளம். தூளைப் பாருங்கள். சிவப்பாக விழுந்தால் செங்கல், சாம்பல் நிறத்தில் பொருபொருவென்று இலகுவாக வந்தால் சீமெந்துக் கல், சாம்பல் நிறத்தில் மாவாக மெதுவாக வந்தால் கொங்கிறீட். நம் கரையோரத்துச் சீமெந்துக் கல்லில் மணல் கூடியது நிறைய உண்டு. அதில் ஹமரைப் போட்டால் துளை கிண்ணமாக அகன்று, ஸ்குரூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகுகிற றோல் பிளக் ஆடும். ஹமரை நிறுத்தி, சாதாரணச் சுழற்சியிலேயே சுவர் பிட்டால் துளையுங்கள், ஒரு அளவு சின்னப் பிட்டால் தொடங்கினால் இன்னும் நல்லது. உள்ளே பொந்துள்ள கல் என்றால் றோல் பிளக் கொஞ்சம் நீளமானது எடுங்கள். சுவிட்சுக்கும் பிளக் பொயின்டுக்கும் நேர் மேலே, நேர் கீழே ஒருபோதும் துளைக்காதீர்கள், வயர்க் குழாய் பெரும்பாலும் அந்த நேர்கோட்டில்தான் போகும்.

பலகை வேலைக்கு வருவோம். நுளம்பு வலைச் சட்டம் அடிக்கப்போவது ஜன்னல் நிலையில். நிலை தேக்கு என்றால் பிரச்சினை இல்லை. முதிரை என்றால் கவனம், பாலை என்றால் இன்னும் கவனம். நேரே ஸ்குரூவை வைத்து இறுக்கினால் ஸ்குரூத் தலை முறியும், அல்லது மரம் வெடிக்கும். ஸ்குரூவின் தண்டை விட மெல்லிய பிட்டால் முதலில் துளை போட்டு, ஸ்குரூவின் மரையில் சவர்க்காரம் தேய்த்துப் பூட்டுங்கள். ட்ரில்லின் கழுத்தில் எண்கள் போட்ட ஒரு வளையம் இருக்கிறதே, அதுதான் கிளச். சின்ன எண்ணில் தொடங்குங்கள், "டக் டக்" என்று சத்தமிட்டு நின்றால் ஒன்று இரண்டு கூட்டுங்கள். ட்ரில் வாங்கிப் பல வருடமாகியும் அந்த வளையத்தைத் திருப்பாதவர்கள் இருக்கிறார்கள்.

செட்டுகளில் ட்ரில்லோடு இம்பக்ட் ட்ரைவர் என்று ஒரு கட்டையான மெஷின் வரும். பெயரைப் பார்த்து அது சுவர் துளைக்கும் என்று நினைக்காதீர்கள். அது அடிப்பது சுற்றுப் பக்கமாக, நீளமான ஸ்குரூவையும் போல்ட்டையும் இறுக்க. கேற் வேலைக்கு, கொட்டில் கட்ட நல்லது. ஆனால் தகரச் சீட்டுக் கூரையில் அதைப் பாவிக்கும்போது கை நிதானம் வேண்டும். கூரை ஸ்குரூவின் தலைக்குக் கீழே ஒரு இறப்பர் வளையம் உண்டு, அது இலேசாகப் பிதுங்கினால் போதும். இம்பக்டால் இறுக்கி அதை நசுக்கிவிட்டால் கச்சான் காற்றில் ஒன்றும் தெரியாது, கார்த்திகை மழையில் சொட்டும். கிளச் உள்ள ட்ரில்லால் பூட்டினால் இந்த வில்லங்கம் இல்லை. உங்களுக்கு முதல் வருடம் இம்பக்ட் தேவைப்படாது. அஸ்பெஸ்டஸ் சீட் என்றால் அதில் வேகமாகத் துளைத்துத் தூள் கிளப்பவே வேண்டாம். அந்தத் தூள் நுரையீரலுக்கு நஞ்சு, தெரிந்தவர்களிடம் விடுங்கள்.

எல்லாமே பட்டரியில் இருந்தால் என்ன? கணக்கு இடம் கொடுக்கவில்லை. 18 வொல்ட், 4 அம்பியர் மணிப் பட்டரியில் இருப்பது, இரண்டையும் பெருக்கினால், 72 வொட் மணி. கிரைண்டர் உழைக்கும்போது 500 வொட் இழுத்தால் ஒன்பது நிமிடத்துக்குள் காலி. அதுவும் அப்படி இழுத்தால் பட்டரி சூடாகி வயது குறையும். ஸ்குரூ பூட்டுகிற வேலைக்கு அதே பட்டரி நாள் முழுக்க வரும். கேற்றில் ஒரு கம்பி வெட்ட வயர் கிரைண்டர் 4 அங்குலம் ஒன்று போதும், விலையும் குறைவு, பட்டரிக் கவலையும் இல்லை. அதில் மரம் வெட்டுகிற பல் தட்டைப் பூட்டாதீர்கள், யார் சொன்னாலும். கிரைண்டரின் வேகத்தில் அந்தப் பல் மரத்தில் கொளுவினால் மெஷின் கையை விட்டுத் திரும்பி உங்களை நோக்கி வரும். வாள் வேலை அவ்வளவு இருக்கிறதென்றால் அளவைக் குறித்துக்கொண்டு மரக்காலையிலேயே அறுத்து வாங்குங்கள், அல்லது ஓடாவியைப் பிடியுங்கள்.

வயர் மெஷினைக் கிணற்றடியிலோ மழை பெய்து நனைந்த வளவிலோ பாவிக்கும்போது வீட்டு ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதிலுள்ள சோதனைப் பொத்தானை அமத்திப் பாருங்கள். இந்த இடத்தில் பட்டரி ட்ரில்லுக்கு ஈடு இல்லை. ஏணியில் ஏறி நிற்கும்போது வயர் காலில் சுற்றாது, ஈர நிலத்தில் பயம் இல்லை, கரண்ட் போனாலும் வேலை நிற்காது. 2022இல் நாளுக்குப் பல மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்த காலத்தில் பட்டரி மெஷின் வைத்திருந்த தச்சுக்காரர்கள்தான் கொஞ்சமாவது வேலை செய்தார்கள்.

பராமரிப்பில் நம் ஊருக்கென்று இரண்டு எதிரிகள் உண்டு, வெக்கையும் உப்புக் காற்றும். லித்தியம் பட்டரி முழுச் சார்ஜோடு சூட்டில் கிடந்தால்தான் வேகமாக வயதாகும். தகரக் கொட்டிலுக்குள்ளும் வெயிலில் நிற்கிற ஓட்டோவுக்குள்ளும் வைக்காதீர்கள், அறை அலுமாரியில் வையுங்கள். மாதக் கணக்கில் தேவையில்லையென்றால் பாதிச் சார்ஜில் வைப்பது நல்லது. வேலை முடிந்து சுடுகிற பட்டரியை உடனே சார்ஜரில் குத்தாமல் ஆறவிடுங்கள். நல்ல சார்ஜர் அளவுக்கு மீறிச் சூடான பட்டரியை ஏற்காமல் விளக்கை மின்னும், அதைப் பழுது என்று நினைக்கவேண்டாம். இடி மின்னலுக்குச் சார்ஜரைக் கழற்றுங்கள். மாரியில் நிலத்தில் வைக்காதீர்கள், வெள்ளம் வந்தால் முதலில் நனைவது மூலையில் கிடக்கிற சாமான்தான். பிட்டுகளையும், பிட்டைப் பிடிக்கிற சக் என்ற வாயையும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுத் துடைத்து வைத்தால் துரு பிடிக்காது. தேங்காய் எண்ணெய் போடவேண்டாம், அது நாள்பட ஒட்டும்.

புல்வெட்டி பற்றியும் கேட்டிருந்தீர்கள். வாசலளவு புல்லுக்கு 18 வொல்ட் பட்டரிப் புல்வெட்டி போதும், பெரிய வளவு என்றால் பெற்றோல் மெஷின்காரரைக் கூப்பிடுங்கள்.

கடையில் வாங்கும்போது சக்கில் ஒரு நேரான பிட்டைப் பூட்டிச் சுழற்றுங்கள், முனை ஆடினால் வேறொன்றைக் கேளுங்கள். விசையை மெதுவாக அமத்தினால் மெதுவாகச் சுழலவேண்டும். மேலே 1, 2 என்று கியர் இருக்கவேண்டும், ஸ்குரூவுக்கு 1, துளைக்க 2. பட்டரிக்கு உத்தரவாதம் தனியாக எவ்வளவு என்று கேட்டு, கடை முத்திரையோடு அட்டையில் எழுதி வாங்குங்கள்.

கடைசியாக வெளிநாட்டுக் கதை. கனடா அண்ணனுக்கு நன்றி சொல்லிவிடுங்கள். அங்கே கரண்ட் 120 வொல்ட். அதற்கு மட்டும் செய்த சார்ஜரை நம் 230 வொல்ட்டில் நேரே குத்தினால் அன்றைக்கே புகையும். அவர் அனுப்பத்தான் வேண்டுமென்றால் நல்ல பிட் செட் ஒன்று அனுப்பட்டும், பிட்டுக்கு வொல்ட் இல்லை. கட்டாரில் கரண்டும் சதுரப் பிளக்கும் நம்மைப் போலத்தான், அங்கே வாங்கிய சார்ஜர் இங்கே ஓடும். இருந்தாலும் சார்ஜரின் அடியில் "இன்புட்" என்ற வரியில் 220-240 என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ட்ரில் உடம்பைப் பெரிய பெட்டியில் போடலாம். உதிரிப் பட்டரியைக் கைப்பையில்தான் கொண்டுவரவேண்டும், முனைகளை டேப் ஒட்டி மூடி. 100 வொட் மணிக்கு உட்பட்டால் பொதுவாகச் சிக்கல் இல்லை. 18ஐயும் 5ஐயும் பெருக்கினால் 90, அது சரி. 6 அம்பியர் மணி என்றால் 108, அதற்கு விமான நிறுவனத்தின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். அங்கே கொடுத்த உத்தரவாதம் இங்கே செல்லும் என்று எதிர்பார்க்கவேண்டாம்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். கணவர் டிக்கட் போடுவதற்கு முன் நீங்கள் மட்டக்களப்புக்கோ காத்தான்குடிக்கோ போய், கடையில் தனியாக விற்கிற பட்டரிகளின் மாதிரி எண்களைப் படம் எடுத்து அவருக்கு அனுப்புங்கள். அந்தப் பட்டரி பூட்டுகிற ட்ரில் அங்கே மலிவாகக் கிடைத்தால் கொண்டுவரட்டும். கிடைக்காவிட்டால் வெறும் கையோடு வரட்டும், இங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.